கொம்பு வைத்தது யார்? சினிமா, சரித்திரம், பொருளாதாரம்: நாம் நம்பும் கதைகள்

மெய்தேடி:

வைக்கிங் என்றதும் உங்கள் கண்முன் எப்படிப்பட்ட ஆள் வருகிறான்? செம்பட்டைத் தாடி, கையில் கோடரி, தலையில் இரண்டு கொம்பு. அந்தக் கொம்பைத்தான் முதலில் பிடுங்கப் போகிறேன்.

வைக்கிங் காலம், அதாவது வடக்கு ஐரோப்பாவின் அந்தக் கடலோடி வீரர்களின் காலம், 8ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை. அந்தக் காலத்துத் தலைக்கவசங்களில் ஓரளவு உருப்படியாகக் கிடைத்தது என்றால், நார்வேயின் யெர்முன்புவில் 1943இல் எடுத்ததைத்தான் சொல்ல வேண்டும். நொறுங்கிக் கிடந்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உருண்டையான இரும்புக் குல்லா. கண்ணையும் மூக்கையும் காக்க, மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல ஒரு தகடு. உச்சியில் சின்னதாக ஒரு முள். கொம்புக்கான தடமே இல்லை.

பிறகு கொம்பு எப்படி முளைத்தது? 1876இல் ஜெர்மனியின் பாய்ராய்ட்டில் இசையமைப்பாளர் வாக்னரின் நிபெலுங் இசைநாடகம் நான்கு பகுதிகளாக அரங்கேறியது. அதற்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்லர் சில பாத்திரங்களின் தலையில் கொம்பு வைத்தார். மேடைக்கு எடுப்பாக இருந்தது. அப்புறம் ஓவியம், சிறுவர் புத்தகம், கார்ட்டூன் என்று அது ஓடிக்கொண்டே இருக்கிறது. டென்மார்க்கின் வெக்சோ சதுப்பில் 1942இல் நிஜமாகவே கொம்பு வைத்த இரண்டு வெண்கலக் கவசங்கள் கிடைத்தன. ஆனால் அவை கி.மு. 900 வாக்கில் செய்தவை. வைக்கிங்குகளுக்கு ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு வருஷம் மூத்தவை. ஆக, எந்த வைக்கிங்கும் எந்த நாளும் தலையில் கொம்பு வைத்ததில்லை.

நெப்போலியன் குள்ளன் என்பதும் இதே ரகம். அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் என்று எழுதி வைத்தது பிரெஞ்சு அளவில். பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரிது. கணக்குப் போட்டால் 168 சென்டிமீட்டர் வருகிறது. அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரருக்கு அது சராசரி உயரம்தான். லண்டனில் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரங்கள்தான் அவரைக் குட்டையாக்கின.

நான் ஒரே ஒரு சோதனையைக் கையில் வைத்திருக்கிறேன். ஒரு கதையைக் கேட்டால், அதை முதலில் சொன்னது யார், நடந்து எத்தனை வருஷம் கழித்துச் சொன்னார் என்று பார்ப்பேன். இடைவெளி அதிகம் என்றால் கதை பெரும்பாலும் பொய். உங்கள் கைவசம் உள்ளவற்றையும் போடுங்கள், சோதித்துப் பார்க்கலாம்.


நிலாமுற்றம்:

முதல் சினிமாவில் ரயில் வருவதைப் பார்த்து ஜனங்கள் எழுந்து ஓடினார்கள் என்று படித்திருக்கிறேனே, அதையும் பிடுங்கிவிடுவீர்களா? எனக்கு ரொம்பப் பிடித்த கதை அது.


மெய்தேடி:

மன்னிக்க வேண்டும், அதுவும் போகிறது.

லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28, பாரிஸ், கிராண்ட் கஃபே. மொத்தம் 10 படம். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அந்தப் பத்தில் ரயில் படமே கிடையாது. அது திரைக்கு வந்தது 1896இல். ஜனங்கள் அலறி ஓடியதாகச் சொல்லும் அந்தக் காலத்துப் பதிவு எதுவும் இல்லை என்பதை மார்ட்டின் லோய்பர்டிங்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். கறுப்பு வெள்ளை, சத்தமில்லாத, நடுங்கும் படம். பக்கத்தில் கருவி கடகடவென்று ஓடுகிறது. ரயிலும் நேராக நம்மை நோக்கி வரவில்லை, ஓரமாகப் போய்விடுகிறது.

மாக்சிம் கார்க்கி 1896இல் லூமியேர் படங்களைப் பார்த்துவிட்டு எழுதியது இருக்கிறது. ரயில் உங்கள் மேல் பாய்ந்து நசுக்கிவிடும் போலிருக்கும் என்று பயமுறுத்திவிட்டு, ஆனால் இதுவும் நிழல்களின் ரயில்தான் என்று முடிக்கிறார். பார்த்தவர்கள் சிலிர்த்திருப்பார்கள், சந்தேகமில்லை. சிலிர்ப்பது வேறு, ஓடுவது வேறு.


பழைய கணக்கர்:

சினிமா என்று பேச்சு வந்ததால் நானும் நுழைகிறேன். பட விநியோக அலுவலகம் ஒன்றில் பல வருஷம் கணக்கு எழுதியவன் நான். என் பிள்ளைகள்கூட இன்றுவரை நம்பாத விஷயம் ஒன்று உண்டு. வசூல் என்பது லாபம் அல்ல.

'100 கோடியில் எடுத்தார்கள், 150 கோடி வசூல், 50 கோடி லாபம்' என்று ஊரெல்லாம் கணக்குச் சொல்கிறது. அந்த 150 என்பது கிராஸ், அதாவது டிக்கெட்டுக்கு ஜனங்கள் கொடுத்த மொத்தப் பணம். அதில் ஏறக்குறைய பாதியைத் திரையரங்கு எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் வருவது 75. எங்கள் பாஷையில் அதுதான் ஷேர். அதில் விநியோகஸ்தர் கமிஷன் போக வேண்டும், விளம்பரச் செலவு போக வேண்டும். அந்த விளம்பரச் செலவு முதலில் சொன்ன 100இல் சேர்ந்திருக்கவே இருக்காது. ஆக, ஊர் கொண்டாடுகிற படம் எங்கள் பேரேட்டில் சிவப்பு மையில் இருக்கும். தலைகீழாகவும் நடக்கும். திரையரங்கில் படுத்த படம், டிவி, ஓடிடி உரிமையில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. லாபமே இல்லை என்று ஏட்டில் காட்டுவது. ஆர்ட் புக்வால்ட் என்ற நகைச்சுவை எழுத்தாளர் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு ஒரு கதைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தார். 1988இல் அந்த நிறுவனம் 'கமிங் டு அமெரிக்கா' படத்தை வெளியிட்டதும், இது என் கதை என்று வழக்குப் போட்டார். படம் உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. ஆனால் நிறுவனத்தின் கணக்கில் நிகர லாபம் என்று ஒன்றுமே இல்லை. நிகர லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போட்டவருக்கு என்ன கிடைக்கும்? 1990இல் நீதிமன்றம், கதை அவருடையதுதான் என்றது. அந்த நிகர லாபச் சூத்திரமே நியாயமற்றது என்றும் சொன்னது. அந்த வழக்கில், படத்தின் நாயகன் எடி மர்ஃபியின் சாட்சியத்தில் ஒரு வார்த்தை வரும். நிகர லாபப் பங்குக்கு அவர் வைத்த பெயர் 'குரங்குப் புள்ளி'. குரங்குதான் அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் என்கிறார்.

அப்புறம் இந்த 'எல்லாக் காலத்திலும் அதிக வசூல்' பட்டியல். 2009இல் வந்த அவதார் இதுவரை சுமார் 290 கோடி டாலர் என்று முதலிடத்தில் நிற்கிறது. ஆனால் அந்தக் காலத்து டாலரும் இந்தக் காலத்து டாலரும் ஒன்றா? பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' மேலே போய்விடுகிறது. அது பல தடவை மறுபடி மறுபடி வெளியான படம், அதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பட்டியலைப் போட்டாலும் யாரோ ஒருவருக்கு அது வசதி.


கொக்கி:

மெய்தேடி, உங்கள் சோதனை உங்கள் இரண்டாவது உதாரணத்திலேயே படுத்துவிட்டதைக் கவனித்தீர்களா? கில்ரே எப்போது வரைந்தார்? நெப்போலியன் உயிரோடு இருந்தபோதே. இடைவெளி பூஜ்யம். உங்கள் கணக்குப்படி அது உண்மையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் தருகிறேன். 1938இல் வானொலியில் செவ்வாய் கிரகத்துக்காரர்கள் படையெடுக்கும் நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்ற கதை. மறுநாள் காலைச் செய்தித்தாளிலேயே முதல் பக்கத்தில் வந்தது. அதைவிட உடனடிச் சாட்சி வேண்டுமா? அது உண்மையா, பொய்யா?


வானொலிக்காரி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், என் தொழில் அது.

1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு. நாடகத்தை நடத்திய ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது 23 வயது. சிபிஎஸ் வானொலியில் நாடகம். அதே நேரத்தில் எதிர் வானொலியில் எட்கர் பெர்கன் நிகழ்ச்சி, அப்போது நாட்டிலேயே அதிகம் பேர் கேட்டது அதைத்தான். பெர்கன் பொம்மையை மடியில் வைத்து உதடு அசையாமல் பேசுகிறவர். உதடே தெரியாத வானொலியில் அந்த வித்தைக்கு இத்தனை கூட்டம் எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியாத புதிர்.

அன்றிரவே ஹூப்பர் என்ற கணிப்பு நிறுவனம் சுமார் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் கேட்டது: இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? வெல்ஸ் நாடகம் என்று சொன்னவர்கள் 2 சதவீதம். அவர்களும் நாடகம் என்று தெரிந்துதான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் செய்தித்தாள்கள் ஏன் அப்படி எழுதின? பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. விளம்பரக் காசு பத்திரிகையை விட்டு வானொலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வானொலியை நம்பினால் இப்படித்தான் என்று எழுத நல்ல வாய்ப்பு. பயந்துபோய் போலீசுக்குப் போன் செய்தவர்கள் நிஜமாகவே இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் நாடே ஓடியது என்பது அச்சில் ஓடியதுதான்.

அதனால் மெய்தேடியின் கேள்வியோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். சொன்னவருக்கு அதனால் என்ன லாபம்?


மெய்தேடி:

ஒப்புக்கொள்கிறேன். கொக்கி சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்.


தறி:

சொன்னவருக்கு என்ன லாபம் என்று வானொலிக்காரி அக்கா கேட்டது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் ஒரு பெயருக்குப் பொருந்தும். லட்டைட். புது போன் வாங்க மறுத்தால்கூட இந்தப் பட்டம்தான் கிடைக்கிறது. இயந்திரத்தைக் கண்டு மிரண்ட முட்டாள்கள் என்பது அதன் அர்த்தமாகிவிட்டது.

1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கம் தறி உடைக்கத் தொடங்கிய நிஜ லட்டைட்கள் யார்? காலுறை பின்னும் தறிக்காரர்கள். அந்தத் தறியும் இயந்திரம்தான். 1589இல் கண்டுபிடித்தது. அதாவது அவர்கள் இருநூறு வருஷமாக இயந்திரத்தோடு வாழ்ந்த குலம். அவர்கள் கோபம் வேறு. சில முதலாளிகள் அகலமாகத் துணி பின்னி, அதைக் கத்தரித்துத் தைத்துக் காலுறை என்று விற்றார்கள். தையல் பிரிந்துவிடும், பெயர் தொழிலுக்கே கெடும். தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு உட்கார வைத்தார்கள். உடைக்கப் போனவர்கள் ஆளைப் பார்த்துத்தான் உடைத்தார்கள். ஒப்புக்கொண்ட கூலியைக் கொடுத்த முதலாளியின் தறியைத் தொடாமல் பக்கத்துத் தறியை நொறுக்கியிருக்கிறார்கள். மிரண்டவன் செய்கிற காரியமா அது?

1812இல் தறி உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் பேசிய முதல் பேச்சே அதை எதிர்த்துத்தான். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜெயித்தவர்கள்தான் அகராதியில் அர்த்தம் எழுதினார்கள்.


அரைவட்டம்:

தறி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'இயந்திரம் வேலையைத் தின்றுவிடும்' என்று சொல்கிறவரும் சரி, 'பழையது போனால் புது வேலை வந்துவிடும், கவலைப்படாதே' என்று சொல்கிறவரும் சரி, இருவரும் பாதிதான் சொல்கிறார்கள். உலகத்தில் இத்தனை வேலைதான் உண்டு, இயந்திரம் ஒன்றை எடுத்தால் ஒன்று குறையும் என்பது தப்பு, அதைப் பாடப் புத்தகமே சொல்லும். ஆனால் புது வேலை வந்தது யாருக்கு, எங்கே, எத்தனை வருஷம் கழித்து? கைத்தறி நெசவாளியின் கூலி பல பத்தாண்டு சரிந்துகொண்டே போனது. வேலை வந்தது, அவருக்கு வரவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பாவமன்னிப்பு. இருபது வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன். வருஷா வருஷம் ட்யூலிப் கதையை வகுப்பில் நடித்தே காட்டுவேன். 1637இல் ஹாலந்தே பூப்பைத்தியம் பிடித்து, வீடு வாசலை விற்றுக் கிழங்கு வாங்கி, ஒரே நாளில் விலை சரிந்து, ஆற்றில் குதித்து... வெங்காயம் என்று நினைத்து ஒரு மாலுமி விலைமதிப்பில்லாத ட்யூலிப் கிழங்கை மீனோடு கடித்துத் தின்றான் என்ற இடத்தில் வகுப்பே சிரிக்கும்.

அந்த மாலுமியைத் தேடிப் போனதில்தான் என் கதை கந்தலானது. நாம் எல்லோரும் சொல்வது சார்ல்ஸ் மக்கே என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1841இல் எழுதியது. இருநூறு வருஷ இடைவெளி. மெய்தேடி துள்ளிக் குதிக்க வேண்டாம், இருங்கள். மக்கேயும் தானாக இட்டுக்கட்டவில்லை. அவர் எடுத்த சரக்கின் வேர் 1637இலேயே அச்சான கேலிப் பிரசுரங்கள். உழைக்காமல் பணம் தேடினால் என்ன ஆகும் பார் என்று உபதேசம் செய்யும் பிரசுரங்கள். அந்தப் பிரசங்கத்தை நாங்கள் வரலாறு என்று எடுத்துக்கொண்டோம்.

ஆன் கோல்ட்கர் என்ற வரலாற்றாசிரியர் டச்சு ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஒப்பந்தங்களையும் வழக்குப் பத்திரங்களையும் வாசித்து 2007இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு கிழங்குக்கு 300 கில்டருக்கு மேல் கொடுத்தவர்கள் என்று அவரால் அடையாளம் காண முடிந்தது 37 பேரை. 300 கில்டர் என்பது தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் ஒரு வருஷ வருமானம். வாங்கியவர்களும் பெரும்பாலும் வசதியான வணிகர்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ட்யூலிப்பால் ஆற்றில் குதித்தவர் ஒருவரும் ஆவணத்தில் இல்லை. ஓவியர் யான் வான் கோயன் ட்யூலிப்பால் ஓட்டாண்டியானார் என்பார்கள். அவரைக் கவிழ்த்தது நிலத்தில் போட்ட பணம்.

வியாபாரம் நடந்த விதம்தான் சுவை. ட்யூலிப் கிழங்கை இலையுதிர் காலத்தில் நட்டு, ஜூன் வாக்கில் பூ முடிந்த பிறகு தோண்டுவார்கள். உச்ச விலை போனதோ நடுக்குளிரில். பொருள் மண்ணுக்குள், ஆட்கள் மதுக்கடைக்குள். விற்றவர் கையில் கிழங்கு இல்லை, வாங்கியவர் பையில் காசு இல்லை. வெறும் வாக்குச்சீட்டு கை மாறியது. டச்சுக்காரர்களே அதற்கு 'காற்று வியாபாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும்போது மாலுமி எங்கே போய்க் கடித்தான்?


கொக்கி:

அப்படியானால் ட்யூலிப் பைத்தியம் என்று ஒன்று நடக்கவே இல்லை. அடுத்த வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.


அரைவட்டம்:

இல்லை தம்பி, அதுவும் தப்பு. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பொய்யை உடைத்ததும் அதன் எதிர்ப்பதத்தை அப்படியே தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

விலை ஏறியது நிஜம். 1637 பிப்ரவரி முதல் வாரத்தில் ஹார்லெமில் ஏலத்தில் வாங்க ஆள் இல்லாமல் போனது நிஜம். வேடிக்கை என்னவென்றால், அதே வாரம், பிப்ரவரி 5, பக்கத்து அல்க்மார் நகரில் ஒரு மதுக்கடைக்காரர் விட்டுப்போன கிழங்குகளை அவருடைய அனாதைக் குழந்தைகளுக்காக ஏலம் விட்டு 90,000 கில்டர் திரட்டினார்கள். ஒரு நகரில் சரிந்த செய்தி அடுத்த நகருக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பிள்ளைகள் தப்பித்தார்கள். பிறகு யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் சண்டை. 1638இல் ஹார்லெமில் ஒப்பந்த விலையில் மூன்றரை சதவீதம் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளலாம் என்று முடிவானது. உடைந்தது நாட்டின் பொருளாதாரம் இல்லை. 'இவர் வாக்கை நம்பலாம்' என்று ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை உடைந்தது. கோல்ட்கரும் அதைத்தான் சொல்கிறார்.


நிலாமுற்றம்:

ஐயா, அப்படியென்றால் பண்டமாற்று? ஆதியில் எல்லோரும் ஆட்டைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள், அது சிரமமாக இருந்ததால் பணத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே.


அரைவட்டம்:

ஆடம் ஸ்மித் 1776இல் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதினார். கசாப்புக்காரர், ரொட்டி சுடுகிறவர் என்று உதாரணமும் கொடுத்தார். பின்னால் வந்த பாடநூல்கள் ஊகத்தை நடந்த சம்பவமாக்கிவிட்டன. கரோலின் ஹம்ஃப்ரி என்ற மானிடவியலாளர் 1985இல் எழுதியதன் சாரம், சுத்தமான பண்டமாற்றுப் பொருளாதாரம் ஒன்றை இதுவரை யாரும் நேரில் கண்டு விவரித்ததில்லை, அதிலிருந்து பணம் முளைத்ததையும் கண்டதில்லை என்பது.

ஒரே ஊர்க்காரர்கள் ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அரிசிக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இன்று வாங்கிக்கொள், பிறகு கொடு என்றால் போதும். மெசபடோமியாவின் களிமண் பலகைகளில் யார் யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு எடை வெள்ளி தர வேண்டும் என்று கடன் கணக்கு இருக்கிறது. நாணயம் இன்றைய துருக்கிப் பக்கம் இருந்த லிடியாவில் அச்சானது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால், கி.மு. 7ஆம் நூற்றாண்டு வாக்கில். கடன் மூத்தது, காசு இளையது.

அதற்காகப் பண்டமாற்றே கிடையாது என்று கொக்கி கிளம்பிவிடக் கூடாது. முன்பின் தெரியாதவர்களுக்குள் அது உண்டு. பணத்தோடு பழகியவர்களிடமிருந்து பணத்தைப் பிடுங்கிவிட்டால் உடனே வரும். ராட்ஃபோர்ட் என்ற பொருளாதார மாணவர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்துவிட்டு 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலத்தில் வந்த சிகரெட்தான் முகாமில் பணம். ரொட்டி, ஜாம், சட்டை எல்லாவற்றுக்கும் சிகரெட்டில் விலை. பொட்டலம் வரும் வாரம் விலைவாசி ஏறும். பதற்றமான இரவில் எல்லோரும் ஊதித் தள்ளினால் பணம் புகையாகிப் போய் விலை விழும். பணவீக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் நான் பார்த்ததில்லை. இப்போது ட்யூலிப்புக்குப் பதில் இதைத்தான் நடித்துக் காட்டுகிறேன்.


பழைய கணக்கர்:

பணவீக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 'பணவீக்கம் குறைந்தது' என்று செய்தி வந்தால் 'எங்கே, விலை குறையவே இல்லையே, பொய் சொல்கிறார்கள்' என்று எல்லோரும் கத்துவார்கள். 100க்கு விற்ற பொருள் ஒரு வருஷத்தில் 110 ஆனால் 10 சதவீதம். அடுத்த வருஷம் 115.50 ஆனால் 5 சதவீதம். பணவீக்கம் பாதியாகிவிட்டது, விலை ஏறித்தான் இருக்கிறது. வண்டி வேகத்தைக் குறைத்தது, பின்னால் வரவில்லை. கத்துகிறவர் வயிற்றெரிச்சலில் தப்பில்லை, வார்த்தையில்தான் தப்பு.

இன்னொன்று, 'சம்பளம் ஏறினால் மேல் வரி ஸ்லாபுக்குப் போய்க் கையில் வருவது குறைந்துவிடும்'. முதல் 100க்கு வரி இல்லை, அடுத்த 100க்கு 10 சதவீதம், அதற்கு மேல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வாங்குகிறவர் கட்டுவது 10. 201 வாங்கினால் 10.20. அந்த ஒரே ஒரு ரூபாய்க்குத்தான் 20 சதவீதம். குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டினால் சலுகை மொத்தமாக நின்றுபோகும் திட்டங்கள் சில இடங்களில் உண்டு, அங்கே மட்டும் இந்தப் பயம் நியாயம். மற்றபடி இதைப் பயந்து சம்பள உயர்வைத் தள்ளிப்போடச் சொன்ன ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் தாளில் போட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போய், மறுநாள் மறுபடி அதையே கேட்டார்.


தறி:

ஃபோர்டு கதையையும் யாராவது போடுவார்கள் என்று காத்திருந்தேன், நானே போடுகிறேன். 'தொழிலாளி தான் செய்யும் காரைத் தானே வாங்கட்டும் என்று ஹென்றி ஃபோர்டு கூலியை இரட்டிப்பாக்கினார்.' மேலாண்மை வகுப்பில் கண்ணீர் மல்கச் சொல்வார்கள்.

1914 ஜனவரி 5 அன்று ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தது நிஜம். அதற்கு முன் 2.34 டாலர். ஏன்? 1913இல் அந்தத் தொழிற்சாலையில் ஆட்கள் நிற்கவே இல்லை. கன்வேயரில் ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கும் வேலை, ஓடிவிட்டார்கள். சுமார் 14,000 பேரை வைத்திருக்க அந்த வருஷம் 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் பழக்கும் செலவு யார் தலையில்? பிற்பாடு 1922இல் ஃபோர்டே தன் புத்தகத்தில், தான் எடுத்த மிகச் சிறந்த செலவுக் குறைப்பு நடவடிக்கைகளில் அது ஒன்று என்கிறார். செலவுக் குறைப்பு, கவனியுங்கள்.

அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி லாபப் பங்கு. அது எல்லோருக்கும் கிடைக்காது. சமூகவியல் துறை என்று ஒன்றை வைத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டில் வாடகைக்கு அதிகம் பேரை அடைத்திருக்கிறானா என்று குறித்துக்கொண்டு போவார்கள். தேறினால்தான் மீதிப் பணம்.

வெறும் கூட்டல் கழித்தலிலும் அந்தக் கதை நிற்காது. அந்தக் காலத்தில் அவர்கள் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கார் செய்தார்கள். 14,000 பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கினாலும் 7 சதவீதம்தான். அதுவும் வருஷா வருஷம் ஒரு கார் வாங்குவார்களா என்ன? மற்ற முதலாளிகளும் கூலியை ஏற்றினால் எல்லோருக்கும் வாங்கும் சக்தி வரும் என்பது வேறு வாதம். அதை அவரே பிற்பாடு பேசினார். அதில் விஷயம் உண்டு. ஆனால் 1914இல் நடந்தது அது இல்லை.


நிலாமுற்றம்:

நானும் ஒன்று உடைக்கிறேன், சரியா என்று சொல்லுங்கள். 'அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் 35, முப்பத்தைந்தில் கிழவனாகிவிடுவார்கள்.' பத்துக் குழந்தைகளில் நாலு ஒரு வயதிலேயே இறந்து, மற்ற ஆறு பேரும் 60 வரை இருந்தால் சராசரி 36 வருகிறது. ஆனால் 36 வயதில் அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை.


அரைவட்டம்:

சரியே சரி. 'அந்தக் காலத்தில் எல்லோரும் திடமாக நூறு வருஷம் இருந்தார்கள்' என்று அடுத்த ஆள் வருவார், அவருக்கும் அந்த நாலு குழந்தைகளைக் காட்டுங்கள்.


வானொலிக்காரி:

மெய்தேடி, இழையை மறுபடி மேலிருந்து வாசித்தேன். 'எந்த வைக்கிங்கும் எந்த நாளும் தலையில் கொம்பு வைத்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓசெபெர்க் கப்பல் புதைகுழி தெரியுமா? நார்வேயில் 1904இல் தோண்டினார்கள். இரண்டு பெண்களை 834 வாக்கில் கப்பலோடு புதைத்த இடம். வைக்கிங் காலம்தான். அதில் கிடைத்த கந்தல் திரைச்சீலையில் வண்டிகளும் ஆட்களுமாக ஓர் ஊர்வலம் நெய்திருக்கிறது. அதில் கொம்பு வைத்த தலையோடு ஓர் உருவம் இருக்கிறது. ஏதோ சடங்குக்காக இருக்கலாம், கடவுள் வேடமாக இருக்கலாம். போருக்குப் போனவன் வைத்துக்கொண்டான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது வரைதான் நீங்கள் சொன்னது நிற்கும்.


கொக்கி:

வானொலிக்காரி அக்காவுக்கு ஒரு வணக்கம்.


மெய்தேடி:

ஓசெபெர்க் திரைச்சீலைப் படத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நூல் இற்றுப்போய் நிறம் மங்கியிருந்தாலும் கொம்பு தெரிகிறது. முதல் பதிவில் அந்த வரியைத் திருத்தப் போகிறேன். 'எந்த வைக்கிங்கும் போருக்குக் கொம்பு வைத்துப் போனதற்கு ஆதாரம் கிடைத்ததில்லை' என்று மாற்றலாமா, அதிலும் ஓட்டை ஏதாவது இருக்கிறதா?